களிக்குப் பூணூல்

1

இந்தியச் சமையல், பாரம்பரிய உணவு, மண்ணின் சுவை என்று இன்றைக்கு எழுதிக் குவிக்கப்படுகிறவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் எரிவது எந்தத் தெருவின் அடுப்பு? ஊர்த் தெருவா, சேரியா? பக்கத்துக்குப் பக்கம் பதில் ஒன்றுதான். இட்லி, தோசை, சாம்பார், புளியோதரை என்று தெற்கு. நான், ரொட்டி, பன்னீர், பட்டர் சிக்கன் என்று வடக்கு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால் 'இந்தியா' தயார். அந்தத் தட்டில் களி இல்லை. போட்டி இல்லை. சுவரொட்டி இல்லை. உப்புக்கண்டம் இல்லை. இல்லாமல் போனது மறதியால் அல்ல.

அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில், 'இந்தியத் தேசியச் சமையல்' என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் எழுதி வாங்கிப் படித்த சமையல் புத்தகங்களின் வழியாக உருவாக்கப்பட்டது என்று காட்டினார். தமிழில் அப்படி ஒரு புத்தகம் 1951இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. ஒரு பிராமண வீட்டுச் சைவச் சமையலை அளவு சொல்லி, பக்குவம் சொல்லி எழுதி வைத்த புத்தகம். அந்த அம்மா தன் வீட்டு அடுப்பைத் தான் எழுதினார், அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு சாதியின் அடுப்பு 'தமிழ்நாட்டுச் சமையல்' என்று பொதுப்பெயர் பெற்றதே, அந்த இடத்தில்தான் விமர்சகனுக்கு வேலை இருக்கிறது. ஆதிக்கச் சாதியின் வழக்கம் பண்பாடு ஆகிறது. மற்றவனின் வழக்கம் 'பழக்கதோஷம்' ஆகிறது. இலக்கியத்தில் நடந்ததும் இதுவேதான், சோற்றில் நடந்ததும் இதுவேதான்.

நான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். இங்கே ஒரு சோற்றுக் கவளம் மூன்று பாஷை பேசும். தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் அட்டவணையைத் திறந்தால் முதல் மூன்று பெயர்கள் ஆதி ஆந்திரர், ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர். அந்த மூன்று 'ஆதி'யும் ஒரே கேவுரு மாவைத்தான் கிண்டியது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது கோடு கிழித்தார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓசூர் நின்றது, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி நின்றது. களிக்குக் கோடு தெரியாது.

இந்தக் களியை மையமாக வைத்து நான்கு வகைப் பிரதிகளை வாசிக்கப் பார்க்கிறேன். நெடுஞ்சாலை ஓட்டல் பலகை ஒன்று. அரசாங்கத்தின் தானியப் பெயர்கள் இரண்டு. கனகதாசரின் ஒரு கன்னடக் காவியம் மூன்று. நம்முடைய தலித் எழுத்து நான்கு.

2

கிருஷ்ணகிரியிலிருந்து அத்திப்பள்ளி வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். 'உயர்தர சைவ உணவகம்' வரும். 'பஞ்சாபி தாபா' வரும். 'கிராமத்துச் சுவை, ராகி களி, நாட்டுக்கோழிக் குழம்பு' வரும். பெங்களூர்ப் பக்கம் நெருங்க நெருங்க 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பெயரும் வரும்.

'உயர்தர' என்ற சொல்லை எடுங்கள். சைவத்துக்கு முன்னால் மட்டும் அது ஏன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது? 'உயர்தர மாட்டுக்கறி' என்று ஒரு பலகையை யாராவது பார்த்ததுண்டா? தரம் என்பது இங்கே சமைத்த பொருளின் தரமல்ல, சமைத்தவனின், சாப்பிடுகிறவனின் பிறப்புத் தரம். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள் கணக்கில் மறியல் செய்தார்கள். அந்தச் சொல் பலகைகளிலிருந்து போய்விட்டது. அது விட்டுப்போன இடத்தில் 'உயர்தர' என்ற சொல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மாட்டுக்கறி விற்கிற கடைகளும் இந்தச் சாலையை ஒட்டியே இருக்கின்றன, கொஞ்சம் உள்ளே தள்ளி. பலகையில் 'பீப்' என்று எழுதியிருக்கும். நல்ல தமிழில் மாட்டுக்கறி என்ற சொல் இருக்கிறது, நம் வீடுகளில் 'பெரிய கறி' என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டால்தான் நம்முடைய கறி தெருவில் நிற்க முடிகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் கஷ்டம். கர்நாடகம் 2020இல் கொண்டுவந்த சட்டம் 13 வயதைத் தாண்டிய எருமையைத் தவிர வேறு எந்த மாட்டையும் வெட்டக் கூடாது என்று சொன்னது. ஒரே கறி, பத்து கிலோமீட்டரில் சாப்பாடாகவும் குற்றமாகவும் இருக்கிறது.

ரொட்டி வகைகளின் கதையும் சாதாரணமானது அல்ல. நான் என்பது தந்தூர் அடுப்பின் சரக்கு. 1947 பிரிவினையில் அகதிகளாக வந்த பஞ்சாபிகள் டில்லியில் ஓட்டல் வைத்த பிறகுதான் அது நாடெங்கும் 'இந்திய ரொட்டி' ஆனது. நம் பக்கத்துக் கோதுமைக்கு ஒரு ரேஷன் சரித்திரம் உண்டு. 1956இல் அமெரிக்காவோடு போட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அரிசிக்கு வழியில்லாதவன் வாங்கிய தானியம் இன்று சர்க்கரை நோயாளியின் சப்பாத்தியாக மரியாதை பெற்றுவிட்டது. இதெல்லாம் ஐம்பது, அறுபது, எழுபது வருஷச் சங்கதி. இவற்றைப் 'பாரம்பரியம்' என்று எழுத ஒருவருக்கும் கூசவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் அடுப்பில் தட்டிய கேவுரு ரொட்டி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கையாலேயே தட்டிச் சுட்ட ரொட்டி, அதுமட்டும் நேற்று வரைக்கும் 'காட்டான் சாப்பாடு'.

சிப்காட் வந்த பிறகு இந்தப் பிரதேசத்தில் நடந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். ஒடிசாக்காரனிடம் கேவுரைக் காட்டினால் 'மண்டியா' என்கிறான், முகம் மலருகிறது. அவன் ஊரிலும் அது ஆதிவாசிச் சாப்பாடு, அவன் ஊரிலும் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேண்டீன் வைக்கச் செய்ய 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 46ஆம் பிரிவு இருந்தது. அந்தக் கேண்டீனில் 'சவுத் இண்டியன்', 'நார்த் இண்டியன்' என்று இரண்டு வரிசை உண்டு. மண்டியாவும் களியும் எந்த வரிசையில் நிற்கும்? நான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒரு கம்பெனியில் வீட்டிலிருந்து கொண்டுபோன கறியை மைக்ரோவேவில் சூடு பண்ணக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னார். 'ஸ்மெல் வருதுப்பா, மத்தவங்க சாப்பிடணும்ல' என்றார். மீன் குழம்புக்கு அந்த விதி இல்லை. சாதியின் பெயரை அவர் சொல்லவே இல்லை, மூக்கை மட்டும் தொட்டுக் காட்டினார்.

3

களி கிண்டுவது சுலபமான காரியம் இல்லை. எங்கள் ஆயா கிண்டுவதைச் சொல்கிறேன். பெரிய பானையில் தண்ணி கொதிக்கும். முதலில் கொஞ்சம் நொய் போட்டு வேக விடும். நொய் மலர்ந்ததும் கேவுரு மாவை நடுவில் குமியாகக் கொட்டி, கோலால் நடுவே ஒரு துளை போடும். தட்டு மூடித் தீயைக் குறைக்கும். மாவு ஆவியில் வேகணும், அவசரப்பட்டால் கட்டி பட்டுவிடும். அப்புறம் பானையை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு, கோலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பிலிருந்து தோள்வரை மொத்த உடம்பையும் போட்டுக் கிண்டும். கையைத் தண்ணியில் நனைத்து உருட்டி வைக்கும். விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். 'மெல்லாதடா, முழுங்கு' என்று சொல்லும். பக்கத்தில் கொள்ளுச்சாறு, இல்லை கீரைக்கடைசல், அவரை காய்க்கிற மாசத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு, ஞாயித்துக்கிழமை வாய்த்தால் பெரிய கறி.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு எச்சரிக்கை உணர்வு வருகிறது. இப்படி எழுதினால் வாசிக்கிறவன் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு 'ஆகா, கிராமத்து வாழ்க்கை' என்று போய்விடுவான். அந்த ஆயாவுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மானாவாரிக் காடுகளில் கேவுரு விளைந்தது, நிலம் வேறு ஆளுடையது. பன்னேருகட்டாக் காட்டிலிருந்து கதிர் முற்றுகிற காலத்தில் யானைகள் இறங்கி வரும். பரண்மேல் குளிரில் முழித்துக்கிடந்து காவல் காத்தவன் பெரும்பாலும் சேரிக்காரன், கதிர் வீடு போய்ச் சேர்ந்தது ஊருக்குள். கூலி கேவுருவாகவே வந்தது. அளக்கிறவன் படியின் தலையைத் தட்டி அளந்தான்.

ஆயாவுக்கு ஆசைப்பட்ட சாப்பாடு எது தெரியுமா? நெல்லுச்சோறு. தீவாளிக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள். இட்லி என்பது தீவாளி விடிகாலையில் மட்டும் அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளி. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற அறிவிப்பு வந்தபோதும், 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனபோதும், 2011இல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தபோதும் நம் சனங்கள் அடைந்த நிம்மதிக்குப் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது. அரிசி அவர்களுக்கு வெறும் மாவுச்சத்து இல்லை, பண்ணைக்காரன் படியிலிருந்து கிடைத்த விடுதலை. இன்றைக்கு டயட் சொல்லித் தருகிற கனவான்கள் 'அரிசியை விட்டுவிட்டுப் பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள்' என்கிறார்கள். யாருடைய பாரம்பரியத்துக்கு? பசிக்கும் படிக்கும் நடுவில் கிடந்த அந்த நாட்களுக்கா? திரும்பிப் போக நமக்கு அங்கே என்ன வைத்திருக்கிறது?

பஞ்சத்தின் கணக்கும் இந்த மண்ணில் உண்டு. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில், ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பழைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். 'டெம்பிள் கூலி' என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். கேழ்வரகு பல வருஷம் கெடாமல் குழியில் கிடக்கும், பூச்சி அண்டாது. குழி வைத்திருந்தவன் பிழைத்தான். குழி வெட்டினவன்?

4

அரசாங்கத்தின் பிரதிக்கு வருகிறேன். 2013ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிலோவுக்கு விலை போட்டிருந்தார்கள். அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், 'கரடுமுரடான தானியம்' 1 ரூபாய். கம்பு, சோளம், கேவுரு எல்லாம் இந்தக் கடைசிப் பெயருக்குள் அடங்கின. மூன்று, இரண்டு, ஒன்று. இந்த இறங்குவரிசையை வாசித்தால் மனு எழுதியதோ என்று தோன்றும். 2018 ஏப்ரலில் அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு 'ஊட்டச்சத்துத் தானியம்' என்று அரசிதழில் அறிவித்தார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் இந்தத் தானியங்களுக்கு 'ஸ்ரீ அன்ன' என்று நாமம் சூட்டினார்.

கரடுமுரடு, ஊட்டச்சத்து, ஸ்ரீ. பத்து வருஷத்தில் மூன்று பெயர். முதலில் சூத்திரன், அப்புறம் சீர்திருத்தம், கடைசியில் உபநயனம். கேவுரில் நூறு கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பது 2018க்கு முன்னாலும் இருந்ததுதானே. கல் உடைத்த கைகளுக்கும் ஏர் பிடித்த தோளுக்கும் எலும்பு கொடுத்தது அதுதான். அது நம் வாயில் இருந்தவரைக்கும் அதற்குச் சத்து இல்லை, மரியாதை இல்லை. நட்சத்திர ஓட்டலில் கண்ணாடிக் கிண்ணத்தில் இறங்கியதும் ஸ்ரீ வந்துவிட்டது. நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுமுன் அதைக் கழுவிச் சுத்தம் செய்து, சமஸ்கிருதத்தில் பெயர் வைத்து, நாம் தொட்ட தடயத்தை அழிப்பது பார்ப்பனியத்தின் பழைய வேலைமுறை. நம்முடைய அம்மன்களுக்கும் இதுதான் நடந்தது.

ஒரு நடைமுறை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது. 2023 மே மாதம் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு. இந்த மாவட்டங்களின் விவசாயிகளிடமிருந்தே நேரடிக் கொள்முதல். இதை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை நோயும் ரத்தசோகையும் நம் தெருவில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோகப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவனுக்கு இந்தத் தானிய மறுமலர்ச்சியில் என்ன பங்கு? விற்கிறவன் ஊர், தூக்குகிறவன் சேரி என்றால் தானியம் மட்டும் மாறியிருக்கிறது.

5

கனகதாசர் பதினாறாம் நூற்றாண்டுக்காரர், குருபர் சாதியில் பிறந்த கன்னடக் கவி. அவர் எழுதிய 'ராமதான்ய சரித்ரே' கேழ்வரகுக்கும் நெல்லுக்கும் நடந்த வழக்கைப் பற்றியது. ராவண வதம் முடிந்து திரும்புகிற ராமன் முனிவர் ஆசிரமத்தில் தங்குகிறான். தானியங்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழுகிறது. கௌதமர் கேழ்வரகைச் சொல்கிறார். நெல்லுக்குக் கோபம் வந்துவிடுகிறது. தன் குலப் பெருமையைச் சொல்லி, சடங்கிலும் யாகத்திலும் தனக்கு இருக்கும் இடத்தைச் சொல்லி, கேழ்வரகின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறது. கேழ்வரகு சும்மா இருக்கவில்லை. நீ பணக்காரன் பக்கம், பஞ்சம் வந்தால் காணாமல் போகிறவன், ஏழையைக் காப்பாற்றுவது நான் என்று திருப்பி அடிக்கிறது. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கச் சொல்கிறான். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் நெல் வாடிக் கிடக்கிறது, கேழ்வரகு அப்படியே இருக்கிறது. ராமன் மகிழ்ந்து தன் 'ராகவன்' என்ற பெயரை அதற்குக் கொடுக்கிறான். அதனால் ராகி.

இந்தியாவில் சாதிக்கு எதிராகத் தானியத்தைப் பேச வைத்த இப்படி ஒரு காவியம் இருப்பதே பெரிய விஷயம். பஞ்சத்தில் யார் பக்கம் நிற்பாய் என்று நெல்லைக் கேட்டதில் இருக்கிற நியாயத்துக்கு நான் தலை வணங்குகிறேன். எங்கள் ஆயா இதைக் கேட்டிருந்தால் 'அப்பிடிப் போடு' என்றிருக்கும். ஆனாலும் கதையின் முடிவு என்னை உறுத்துகிறது. கேழ்வரகு ஜெயித்தது, தன் பெயரோடு ஜெயிக்கவில்லை. ராமனின் சபையில் ராமனே நீதிபதியாக இருந்து, ராமன் பெயரைப் பரிசாகக் கொடுத்த பிறகுதான் அதற்குக் கௌரவம். தாழ்த்தப்பட்டவனுக்கு வெற்றி உண்டு, பெயர் சூட்டும் அதிகாரம் மட்டும் மேலேயே இருக்கும் என்பது பக்தி இலக்கியத்தின் எல்லை. கனகதாசர் காலத்தில் அந்த எல்லைவரை போனதே கலகம். ஐநூறு வருஷம் கழித்து ஒரு குடியரசின் நிதிநிலை அறிக்கையும் அதே எல்லையில் நின்று 'ஸ்ரீ' சூட்டுகிறது என்றால், ஒரு குடியரசு ராமன் சபைக்கு ஒரு அடி அப்பால்கூட நகரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். களி தலித்துகளின் சாப்பாடு மட்டும் இல்லையே, வன்னியர், குருபர், ஒக்கலிகர் எல்லாரும் சாப்பிடுகிறார்களே என்று. உண்மை. 1996இல் தேவ கவுடா பிரதமரானபோது ராகி முத்தேயும் டில்லி வரைக்கும் பேச்சில் வந்தது. அந்தப் பக்கம் அது நிலம் வைத்திருக்கிற சாதியின் பெருமை. இந்தப் பக்கம் நிலமில்லாதவனின் அவமானம். அதனால்தான் சொல்கிறேன், களி உருண்டைக்குள் சாதியைத் தேடிப் பிரயோசனம் இல்லை. நிலம் யாருடையது, எந்தத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் கையால் கிண்டியது, மிச்சம் யாருக்குப் போகிறது, இந்த நாலையும் கேட்டால் சாதி தன்னால் வெளியே வரும்.

6

கையைப் பற்றிப் பேச வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஒரு அருந்ததியப் பெண் சத்துணவுச் சமையலராக வந்தார். ஆதிக்கச் சாதிக்காரர்கள் கூடி நின்று சமைக்கக் கூடாது என்றார்கள், அதிகாரிகள் அந்த அம்மாவை மாற்றல் செய்தார்கள், போராட்டம் வந்த பிறகு அந்த உத்தரவை எடுத்தார்கள். 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள், கலெக்டர் நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே இலையில் இருந்தது களி இல்லை, மாட்டுக்கறியும் இல்லை. அரசாங்கத்தின் அரிசியும் ரவையும் பருப்பும். பொருள் 'உயர்தரம்', கைதான் தீட்டு.

பொருளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆம்பூரில் பார்த்தோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாட்டு பிரியாணி இல்லை. தோல் தொழிற்சாலைகளும் தலித்துகளும் முஸ்லிம்களும் நிறைந்த ஊரில், அந்த ஊர்ப் பெயராலேயே உலகம் அறிந்த பிரியாணிக்குத் திருவிழா எடுத்து, அந்த ஊர்க்காரன் சாப்பிடுவதை விலக்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. உணவில் பாகுபாடு காட்டுவதும் தீண்டாமைக் கேள்விதான் என்று ஒரு அரசு அமைப்பு பேச வந்ததைப் பதிவு செய்ய வேண்டும்.

அம்பேத்கர் 1948இல் எழுதிய 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியில் கண்டார். பிராமணர் தாங்களே சாப்பிட்டுவந்த மாட்டைக் கைவிட்டுப் புனிதமாக்கிக்கொண்டபோது, கைவிடாத உடைந்த மக்கள் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அதே அம்பேத்கர்தான் 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், எச்சில் சோற்றை வாங்காதீர்கள் என்று நம் மக்களுக்குச் சொன்னார். இரண்டும் முரண் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு முரணாகப் படவில்லை. அவர் விடச் சொன்னது ஒரு கறியை அல்ல, அந்தக் கறி நம் கைக்கு வந்த வழியை. பிச்சையாகவும் கடமையாகவும் வருவதை விடு. உன் காசில், உன் விருப்பத்தில் வாங்கிச் சாப்பிடு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் தலித் உணவைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

7

இனி நம்முடைய எழுத்து. பாமாவின் 'கருக்கு' (1992) தமிழில் உணவைப் பற்றி எழுதப்பட்ட முக்கியமான பிரதிகளில் ஒன்று. அதில் சமையல் குறிப்பு தேடாதீர்கள். நம் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் சரடைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பண்ணைக்காரரிடம் நடந்து போகிற அந்தக் காட்சி போதும். பார்த்த சிறுமிக்கு முதலில் சிரிப்பு, காரணம் தெரிந்ததும் கோபம். ஒரு பொட்டலத்துக்கும் ஒரு கைக்கும் நடுவிலிருந்த சரடின் நீளத்தில் ஒரு சமூகத்தின் மொத்தச் சமையல் சாத்திரமும் இருந்தது. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் தன் இந்திச் சுயசரிதைக்கு வைத்த பெயரே 'ஜூட்டன்', எச்சில். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னொரு பக்கம் போகிறது. வண்ணாத்தி ஆரோக்கியம் காலனி வீடுகளின் வாசலில் நின்று ராச்சோறு வாங்குகிறாள். கொடுக்கிறவன் பறையன், வாங்குகிறவள் அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவள். அந்த நாவல் வந்தபோது நம் வட்டாரத்திலேயே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை, முடியவும் கூடாது. பன்றிக்கறியைச் சொல்லி, செத்த மாட்டைச் சொல்லி, பறையர் அருந்ததியரைக் கீழே வைக்கிற பேச்சு இந்தக் கிருஷ்ணகிரிச் சேரிகளிலும் கேட்கிறது. ஊர்க்காரனின் மூக்கை நாம் கடன் வாங்கி வைத்திருக்கிறோம்.

ராஜ் கௌதமன் தொண்ணூறுகளில் தலித் பண்பாட்டைப் பற்றி எழுதியபோது, இழிவென்று சொல்லப்பட்டதையே எதிர்ப்பாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மாட்டுக்கறி விருந்துகள் அந்த வழியில் வந்த அரசியல். 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில், 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் தட்டேந்தினார்கள், அடி வாங்கினார்கள். அந்தத் தட்டுகளின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் எழுத்தில் சாப்பாடு இரண்டே இரண்டு வேஷத்தில்தான் வருகிறது. ஒன்று பசி, எச்சில், அவமானம். இன்னொன்று மாட்டுக்கறி, கோஷம், கலகம். நடுவில் தினப்படி அடுப்பு காணோம். பக்குவம் காணோம், ருசி காணோம். உப்புக்கண்டத்தை எத்தனை நாள் வெயிலில் போடணும், போட்டியை எப்படிக் கழுவினால் வாடை போகும், கொழுப்பை உருக்கி எதில் ஊற்றணும், பிள்ளை பெத்தவளுக்குச் சுவரொட்டி எப்படிச் சுட்டுத் தரணும் என்ற அறிவு முழுக்கப் பெண்களிடம் இருக்கிறது. கலகத்தை எழுதுகிறவர்கள் ஆண்கள். கறி தின்பது புரட்சி என்று எழுதுகிறவனுக்கு, காலையில் ஷிப்டுக்குப் போய்விட்டு ராத்திரி வந்து அதைக் கழுவி நறுக்கிச் சமைத்துக் கடைசியில் சாப்பிட்டவள் கண்ணில் படவில்லை.

மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இல் இந்த வேலையைச் செய்தார். மராத்வாடா மகர், மாங் வீடுகளின் சமையலை, ரத்தத்திலிருந்து குடல் வரைக்கும், அளவும் பக்குவமும் சொல்லி எழுதினார். அன்னமே பூரண பிரம்மம் என்ற பழைய வாக்கை மாற்றி 'அபூர்ண', அதாவது குறைபட்ட பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். 2024இல் அது இங்கிலீஷில் வந்த பிறகு உலகம் பேசுகிறது. நெய் இல்லை, பால் இல்லை, எண்ணெய் சொட்டுக் கணக்கு, இந்த 'இல்லை'களே ஒரு சமையலை எப்படி உருவாக்கின என்று அவர் காட்டுகிறார். அந்தப் புத்தகத்தின் பலம் அதில்தான்: குறிப்புக்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது.

தமிழில் அப்படி ஒரு புத்தகம் வேண்டும், அதை நம் பெண்கள் சொல்லி எழுத வேண்டும். ஓசூர் சுற்றுவட்டத்தில் கேவுருக் காடுகள் பிளாட்டுகளாகிக்கொண்டு வருகின்றன. களிக்கோலைப் பிடித்த கைகள் இன்று அசெம்பிளி லைனில் கையுறை மாட்டி நிற்கின்றன. விடுதியில் தங்கி வேலைசெய்கிற பெண்பிள்ளைக்குக் கிண்டத் தெரியாது, கிண்ட அடுப்பும் கிடையாது. அது பெரிய நட்டம் என்று நான் அழப்போவதில்லை. இடுப்பு ஒடியக் கிண்டுவதிலிருந்து அவள் தப்பித்தது நல்லதே. ஆனால் நம் கிழவிகள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவிட வேண்டும். எழுதும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே நாலு வரி கட்டாயம் வேண்டும். தானியம் யார் நிலத்தில் விளைந்தது. கூலி என்ன படியில் அளந்தார்கள். யார் கிண்டியது. யார் கடைசியாகச் சாப்பிட்டது. மாணவத் தோழர்கள் செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது இந்த நாலு கேள்வியை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். கேவுரு என்று அவர்கள் சொன்னால் கேவுரு என்றே எழுதுங்கள். ராகவன் பெயரும் வேண்டாம், ஸ்ரீயும் வேண்டாம்.